எண் மாறாது, சிம் மட்டும் மாறும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

ஒரு செல்போன் நிறுவனத்தின் சேவை மையத்தில் பதினோரு வருஷம் கவுன்டரில் உட்கார்ந்தவள் நான். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மட்டும் மாற்றிக்கொள்வது பற்றி, எல்லாரும் ‘போர்ட்’ என்று சொல்கிறோமே அதைப் பற்றி, இந்த முறை நிறைய கடிதங்கள் வந்திருக்கின்றன. அவற்றில் ஏழுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

புது வீட்டுக்குக் குடிவந்து இரண்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குள் சிக்னலே இல்லை. போன் வந்தால் மாடிக்கு ஓட வேண்டியிருக்கிறது. 12 வருஷமாக வைத்திருக்கும் எண்ணை விட மனசில்லை. வேறு கம்பெனிக்கு மாற என்னென்ன செய்ய வேண்டும்?
– வாசகி, மன்னார்குடி

முதலில் ஒன்று செய்யுங்கள் அம்மா. நீங்கள் மாற நினைக்கிற கம்பெனியின் சிம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணோ, வந்துபோகும் உறவினரோ, யாராவது இருப்பார்கள். அந்தப் போனை வாங்கிக்கொண்டு உங்கள் சமையலறையில் நின்று ஒரு கால் பேசிப் பாருங்கள், பிறகு படுக்கையறையில், கதவைச் சாத்திக்கொண்டு. வாசலில் நாலு கோடு காட்டுகிற போன் உள்ளே வந்ததும் ஒரு கோட்டுக்கு இறங்கிவிடும். இதைப் பார்க்காமல் மாறிவிட்டு, மறு வாரமே “பழைய கம்பெனிக்கே போகணும்” என்று வந்து நின்றவர்களை நான் நிறைய பார்த்திருக்கிறேன். அவர்களை உடனே திருப்பி அனுப்ப எனக்கு வழியில்லை. ஒருமுறை மாறினால் 90 நாள் முடிந்த பிறகுதான் மறுபடி மாற முடியும். புதிதாக வாங்கிய இணைப்புக்கும் அதே 90 நாள் கணக்குதான்.

சிக்னல் திருப்தியாக இருந்தால், உங்கள் போனிலிருந்தே 1900 என்ற எண்ணுக்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் ‘போர்ட்’ என்று டைப் செய்து, ஒரு இடம் விட்டு, உங்கள் 10 இலக்க எண். அவ்வளவுதான். உங்கள் எண் மாறத் தகுதியானதாக இருந்தால் எட்டு எழுத்துள்ள ஒரு கோட் பதிலாக வரும். அதைத்தான் யுபிசி என்பார்கள். “என் பேக்கில் எஸ்எம்எஸ் கிடையாதே” என்று கவலைப்பட வேண்டாம். எவ்வளவு சின்ன ரீசார்ஜ் போட்டிருந்தாலும் 1900-க்குப் போகும் இந்த எஸ்எம்எஸ்ஸை அனுமதிக்க வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2021 டிசம்பரில் எல்லாக் கம்பெனிகளுக்கும் உத்தரவு போட்டிருக்கிறது.

கோட் நாலு நாள்தான் செல்லும். முன்பு 15 நாள் இருந்தது. 2019 டிசம்பர் 16 முதல் விதி மாறிவிட்டது. அதனால் எஸ்எம்எஸ் அனுப்பிவிட்டு “அடுத்த வாரம் கடைக்குப் போய்க்கொள்ளலாம்” என்று இருந்துவிடாதீர்கள். கோட்டையும் ஆதாரையும் எடுத்துக்கொண்டு புது கம்பெனியின் கடைக்குப் போனால், படம் எடுத்து, விவரங்களைப் பதிந்து, புது சிம்மைக் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்கே வந்து கொடுப்பதும் உண்டு.

கோட்டைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். அதைப் பால்பாயின்ட் பேனாவால் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வருகிறவர்கள் அதிகம். ஒருநாள் மதியம் ஒரு பெரியவர் வெயிலில் நடந்து வந்து, கவுன்டர் மேல் கையை விரித்து வைத்தார். வியர்வையில் மை பரவிவிட்டது. முதல் எழுத்து ‘பி’யா, 8-ஆ என்று தெரியவில்லை. எஸ்எம்எஸ் வந்த போன் வீட்டில் சார்ஜில் கிடக்கிறது. கோட்டின் முதல் இரண்டு இடங்களில் எண் வராது, எழுத்துதான் வரும். ஒன்று பழைய கம்பெனியையும் மற்றொன்று அதன் வட்டத்தையும், அதாவது தமிழ்நாடு, கர்நாடகா என்று செல்போன் சேவைக்காகப் பிரித்திருக்கும் பகுதியையும் குறிக்கும். அதனால் அது ‘பி’ என்று எடுத்துக்கொண்டேன். ஆனால் ஐந்தாவது இடத்தில் இருந்தது பூஜ்யமா, ‘ஓ’வா? அதற்கு எந்த விதியும் கை கொடுக்கவில்லை. அவர் மறுபடி வெயிலில் வீட்டுக்கு நடந்தார். போனையே எடுத்துக்கொண்டு போங்கள் அம்மா, அந்த எஸ்எம்எஸ்ஸை அழிக்காமல்.

அதன் பிறகு உங்களுக்கு வேலை இல்லை. ஒரே வட்டத்துக்குள் மூன்று வேலை நாளில் மாறிவிடும். ஞாயிறும் அரசு விடுமுறையும் கணக்கில் வராது. எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு மாறும் என்று எஸ்எம்எஸ் வரும், பெரும்பாலும் ராத்திரிதான். அதுவரை பழைய சிம் பழையபடி வேலை செய்யும், அதைக் கழற்ற வேண்டாம். பழைய சிம்மில் சிக்னல் போனதும் புதியதைப் போடுங்கள். நடுவில் அதிகபட்சம் நாலு மணி நேரம் இரண்டிலும் உயிர் இருக்காது. அன்றைக்கு வங்கி வேலை, ஓடிபி வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள். வீட்டில் உடம்பு சரியில்லாதவர் இருந்தால் அந்த ராத்திரிக்கு இன்னொரு போன் பக்கத்தில் இருக்கட்டும்.

பணத்தைப் பற்றியும் கேட்பீர்கள். பழைய சிம்மில் மிச்சம் இருக்கும் பேலன்ஸும் பேக்கும் புதுசுக்கு வராது, போனது போனதுதான். அதனால் பேக் முடிய நாலைந்து நாள் இருக்கும்போது எஸ்எம்எஸ் அனுப்புவதுதான் சரியான நேரம்.

பக்கத்து டவர் ஒரு மாதமாகக் கெட்டுக் கிடக்கிறது. எஸ்எம்எஸ்ஸே போகாதபோது கோட் எப்படி வாங்குவது?
– வாசகர், வேதாரண்யம்

சிக்னல் கிடைக்கிற இடத்துக்குப் போனை எடுத்துப் போய் அனுப்ப வேண்டும், வேறு வழி கிடையாது. கோட் கேட்கும் எஸ்எம்எஸ் பழைய கம்பெனியின் டவர் வழியாகத்தான் போயாக வேண்டும். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் லட்சக்கணக்கானோர் வைத்திருந்த ஒரு கம்பெனியின் சேவை நின்றுபோனது பலருக்கு நினைவிருக்கும். அன்று எங்கள் கவுன்டரில் நின்ற கூட்டத்தில் பாதிப்பேர் கையில் கோட் இல்லை. பேருந்து நிலையத்தில் ஒரு கோடு வருகிறது என்றால் அங்கே ஓடினார்கள், பாலத்தின் மேல் வருகிறது என்றால் அங்கே. அந்த அனுபவத்தில் சொல்கிறேன் ஐயா, சிக்னல் அடிக்கடி போகத் தொடங்கியதுமே முடிவெடுத்துவிடுங்கள். முழுசாகப் போகட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

என் வீட்டுக்காரர் போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய எண்ணைத்தான் நான் வைத்திருக்கிறேன். கேஸ் புக்கிங், ரேஷன் கார்டு, என் பேங்க் கணக்கு எல்லாம் அதில்தான். அவரைத் தெரிந்தவர்கள் இன்றும் அதில்தான் கூப்பிடுகிறார்கள். ரீசார்ஜ் விலை கட்டுப்படியாகவில்லை, கம்பெனி மாற்றலாம் என்று மகன் சொல்கிறான். சிம் அவர் பெயரிலேயே இருக்கிறது. மாற்றினால் எண் என் கையை விட்டுப் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.
– வாசகி, திருவாரூர்

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன் அம்மா. எண் போகாது. ஆனால் செய்கிற வேலையை வரிசையாகச் செய்ய வேண்டும்.

முதலில் பெயர் மாற்றம், அது முடிந்த பிறகுதான் போர்ட். இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியாது. பெயர் மாற்றம் நடந்துகொண்டிருக்கும்போது 1900-க்கு அனுப்பினால் கோட் வராது. “சிம் யார் பெயரில் இருந்தால் என்ன, கோட் வந்துவிடும், கடையில் என் ஆதாரைக் கொடுத்து வாங்கிவிடலாம்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். இறந்தவர் பெயரில் இருக்கும் இணைப்பை அவர் கேட்டது போலக் காட்டி மாற்றுவது தப்பு. அதைவிட, நாளைக்கு ஒரு சிக்கல் வந்தால் “இது என் எண்” என்று சொல்ல உங்களிடம் காகிதம் இருக்காது. இந்த எண் உங்கள் பேங்க் கணக்கின் சாவி. சாவி உங்கள் பெயரில் இருக்கட்டும்.

இப்போது இருக்கிற கம்பெனியின் சொந்த சேவை மையத்துக்குப் போங்கள். தெருமுனை ரீசார்ஜ் கடையில் இந்த வேலை நடக்காது. அவருடைய இறப்புச் சான்றிதழ், உங்கள் ஆதார், நீங்கள் அவர் மனைவி என்று காட்டும் ஏதாவது ஒன்று, இவற்றின் அசலும் நகலும் எடுத்துப் போங்கள். தாசில்தார் அலுவலகத்தில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் இருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள். சில மையங்களில் பிள்ளைகளிடமிருந்து ஆட்சேபனை இல்லை என்று கையெழுத்துக் கடிதமும் கேட்பார்கள், மகனையும் கூட்டிப்போனால் ஒரே நடையில் முடியும். கவுன்டரில் இருக்கிற பிள்ளை “இதெல்லாம் இங்கே முடியாது” என்று சொன்னால் அங்கேயே 198-க்குப் போன் போட்டுப் புகார் பதியுங்கள். அது எல்லாக் கம்பெனிக்கும் உள்ள இலவசப் புகார் எண். அவர்கள் தரும் புகார் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் தாளைக் கையில் வைத்திருக்கும் வாடிக்கையாளரை யாரும் சும்மா அனுப்ப மாட்டார்கள் என்பதைக் கவுன்டரின் மறுபக்கம் உட்கார்ந்து பார்த்தவள் நான்.

இது முடிகிறவரை ரீசார்ஜை விட்டுவிடாதீர்கள். இதுதான் நான் உங்களுக்குச் சொல்வதில் முக்கியமானது. ப்ரீபெய்டு எண்ணில் 90 நாள் எந்தப் பயன்பாடும் இல்லாமல், பேலன்ஸும் இல்லாமல் போனால் கம்பெனி எண்ணை முடக்கிவிடலாம். முடக்கிய எண் இன்னும் 90 நாள் கழித்து வேறு யாருக்காவது போகும். 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்திலேயே இந்த விவரம் பேசப்பட்டது. அப்படி இறந்துபோன அப்பாவின் எண் கைமாறிப்போய், அவருடைய நண்பர்கள் கூப்பிட்டபோது யாரோ ஒரு பையன் எடுத்துப் பேசினான் என்று ஒரு மகள் என் கவுன்டரில் நின்று அழுதாள். என்னால் அவளுக்கு எதுவும் செய்ய முடியவில்லை. சின்ன ரீசார்ஜ் போதும் அம்மா, ஆனால் தொடர்ந்து போடுங்கள்.

இன்னொன்று. அவர் வைத்திருந்தது பட்டன் போன் என்றால், பெயர்களை எல்லாம் சிம்மில்தான் சேமித்திருப்பார். புது சிம் வரும்போது அந்தப் பெயர்கள் தானாக வராது. காண்டாக்ட்ஸ் பகுதிக்குப் போய் சிம்மிலிருந்து போனுக்குக் காப்பி செய்யச் சொல்லி மகனிடம் கொடுங்கள். அவர் எழுதி வைத்த பெயர்கள் அவர் வைத்தபடியே இருக்கட்டும்.

எண் அதேதான் என்பதால் கேஸ், ரேஷன், பேங்க், ஆதார் எதிலும் எதையும் மாற்றத் தேவையில்லை. வாட்ஸ்அப்பும் அப்படியே இருக்கும்.

வேலையை விட்டேன். ஆபீஸ் கொடுத்த போஸ்ட்பெய்டு எண் எட்டு வருஷமாக என்னிடம் இருக்கிறது. எல்லாருக்கும் அதுதான் தெரியும். நான் போர்ட் செய்துகொள்ளலாமா?
– வாசகர், ஓசூர்

எண் உங்கள் கையில் இருந்தாலும் உரிமை ஆபீஸ் பெயரில் இருக்கிறது தம்பி. நிறுவனத்தின் பெயரில் உள்ள எண்ணை மாற்ற, கையெழுத்திடும் அதிகாரம் உள்ளவரின் கடிதம் வேண்டும். கடிதம் கிடைத்தால் ஐந்து வேலை நாளில் மாறும். வேலையை விட்ட பிறகு இதைக் கேட்டு நடப்பது பெரிய அலைச்சல். கடைசி நாளுக்கு முன்பே கேட்டிருந்தால் ஒரு மின்னஞ்சலில் முடிந்திருக்கும். இன்னும் தொடர்பு நல்லபடியாக இருந்தால் இன்றே கேளுங்கள்.

போஸ்ட்பெய்டு வைத்திருக்கிற எல்லாருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. கெடு முடிந்த பில் பாக்கி இருந்தால் கோட் வராது. கோட் வந்து, மாறியும் முடிந்த பிறகு பழைய கம்பெனியிலிருந்து கடைசி பில் ஒன்று வரும், அதையும் கட்டிவிடுங்கள். என் தம்பி அதை விட்டுவிட்டான். சில நூறு ரூபாய்தான். இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை அவன் போன் ஊமையாகிவிட்டது. பழைய கம்பெனி பாக்கியைச் சொல்லிப் புது கம்பெனி வழியாக இணைப்பைத் துண்டிக்கச் சொல்லலாம், விதியில் அதற்கு இடம் இருக்கிறது. பணத்தைக் கட்டி ரசீதைக் காட்டின பிறகுதான் திரும்ப வந்தது. அந்த நாலு நாளும் அவனுக்கு வந்த வேலை அழைப்புகள் எல்லாம் போய்விட்டன.

மகன் பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். தமிழ்நாட்டு எண்ணை கர்நாடகாவுக்கு மாற்ற வேண்டுமா?
– வாசகர், கிருஷ்ணகிரி

மாற்ற முடியும். 2011 ஜனவரி 20-இல் நாடு முழுக்கப் போர்ட் வந்தபோது அந்தந்த வட்டத்துக்குள் மட்டும்தான் மாறலாம் என்று இருந்தது. 2015 ஜூலை 3 முதல் எந்த மாநிலத்துக்கும் கொண்டுபோகலாம், ஐந்து வேலை நாள் ஆகும். ஆனால் அவசியம் என்ன? இப்போதைய பேக்குகளில் வெளிமாநிலத்தில் பேசுவதற்குத் தனிக் கட்டணம் கிடையாது. சிக்னல் நன்றாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

“உங்கள் எண் இன்னும் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், உங்களுக்கு வந்திருக்கும் கோட்டைச் சொல்லுங்கள்” என்று டிராயிலிருந்து பேசுவதாக ஒருவர் கூப்பிட்டார். பயந்து வைத்துவிட்டேன். செய்தது சரியா?
– வாசகி, நாகர்கோவில்

சரியாகச் செய்தீர்கள். டிராய் யாருடைய எண்ணையும் துண்டிக்கப் போவதாகத் தனி ஆளுக்குப் போன் செய்வதில்லை. அப்படி வருகிற போன் எல்லாமே மோசடி. யுபிசி கோட், ஓடிபி, ஆதார் படம் இந்த மூன்றும் ஒரு ஆளிடம் போய்ச் சேர்ந்தால் உங்கள் எண்ணையே அவன் கையில் கொடுத்தது மாதிரி. எண் போனால் பேங்க் ஓடிபி எல்லாம் அவனுக்குப் போகும்.

இப்படி நிறைய நடந்ததால்தான் 2024 ஜூலை 1 முதல் ஒரு விதி வந்தது. சிம் தொலைந்தது என்றோ கெட்டது என்றோ மாற்று சிம் வாங்கினால், ஏழு நாள் கழியும்வரை போர்ட் கோட் கொடுக்க மாட்டார்கள். போன வாரம் மாற்று சிம் வாங்கிவிட்டு “எனக்கு மட்டும் ஏன் கோட் வரவில்லை” என்று கேட்டு எழுதிய இரண்டு பேருக்கும் இதுதான் பதில். எரிச்சலாகத்தான் இருக்கும், ஆனால் உங்கள் பணத்தைக் காக்கிற ஏழு நாள் அது.

நீங்கள் கேட்காமலேயே போர்ட் கோட் எஸ்எம்எஸ் வந்தால், யாரோ உங்கள் போனிலிருந்து அனுப்பியிருக்கலாம். சும்மா விடாதீர்கள், வீட்டில் விசாரியுங்கள். நீங்கள் கேட்காமலேயே திடீரென்று சிக்னல் முழுக்கப் போய், போனை அணைத்துப் போட்டும் வரவில்லை என்றால், வேறொரு போனிலிருந்து முதலில் பேங்குக்கும் அடுத்து உங்கள் கம்பெனிக்கும் பேசுங்கள். பணம் போயிருந்தால் 1930. இது சைபர் குற்றங்களுக்கான உதவி எண். சீக்கிரம் கூப்பிட்டால்தான் போன பணத்தை நடுவழியில் நிறுத்த முடியும்.

உங்கள் பெயரில் எத்தனை எண்கள் ஓடுகின்றன என்பதை மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ இணையதளத்தில் பார்க்கலாம். உங்களுக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே “என்னுடையது இல்லை” என்று குறிக்கலாம். இன்று மாலையே ஒருமுறை பாருங்கள் அம்மா.

கடையில் மனு கொடுத்துவிட்டு வந்த பிறகு, பழைய கம்பெனியே நல்ல சலுகை தருவதாகப் போன் செய்கிறது. நிறுத்த முடியுமா? அப்படியே, வீட்டு லேண்ட்லைன் எண்ணையும் போர்ட் செய்யலாமா?
– வாசகர், சிவகாசி

மனு கொடுத்த 24 மணி நேரத்துக்குள் ஆங்கிலத்தில் ‘கேன்சல்’ என்று டைப் செய்து, இடம் விட்டு, உங்கள் எண்ணைச் சேர்த்து 1900-க்கு அனுப்பினால் நின்றுவிடும். அனுப்பும் முன் அந்தச் சலுகை எத்தனை மாதத்துக்கு என்று எஸ்எம்எஸ்ஸில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். நீங்கள் மாற நினைத்தது சிக்னலுக்காக என்றால் சலுகையைக் கேட்டு மயங்க வேண்டாம், நாளைக்கும் அதே மாடிப்படிதான். லேண்ட்லைனுக்கு இந்த வசதி இல்லை ஐயா, மொபைல் எண்ணுக்கு மட்டும்தான்.